இருபடிச் சார்பின் பூச்சியங்களைக் காரணிப்படுத்திக் காண்பது எப்படி: ஆத்தங்குடிக் கல்லை வைத்து ஒரு வழிகாட்டி

செட்டிநாட்டில் கானாடுகாத்தான் பக்கம் ஒரு பழைய வீட்டின் பட்டாலை என்னும் கூடத்துக்குப் புதிதாகத் தளம் போட வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். நீளம் 18 அடி, அகலம் 12 அடி. தரை முழுக்க ஆத்தங்குடிக் கல், அதாவது கையால் வார்க்கும் சிமெண்ட் தளக்கல். நாலு ஓரமும் ஒரே அகலத்தில் கரை ஓட வேண்டும், நடுவில் பூ வேலை. பூப்போட்ட கல் கையிருப்பில் இருப்பது சரியாக 112 சதுர அடிக்கு. அது மிஞ்சவும் கூடாது, பற்றாமல் போகவும் கூடாது. கரைக்கு எத்தனை அடி விடுவது?

கரையின் அகலம் அ அடி. கரை இரண்டு பக்கமும் இடம் பிடிப்பதால் நடுப்பகுதியின் நீளம் 18 − 2அ, அகலம் 12 − 2அ. ஆகவே,

(18 − 2அ)(12 − 2அ) = 112
216 − 60அ + 4அ² = 112
4அ² − 60அ + 104 = 0
அ² − 15அ + 26 = 0

கடைசி வரியில் இடப்பக்கம் இருப்பதுதான் இருபடிச் சார்பு. அதன் மதிப்பை 0 ஆக்கும் எண்களைப் பூச்சியங்கள் என்கிறோம். அதையே சமன்பாடாக எழுதினால் அந்த எண்களுக்கு மூலங்கள் என்று பெயர். வரைபடம் போட்டால், இந்தச் சார்பின் வளைவான பரவளையம் கிடை அச்சைத் தொடும் அல்லது வெட்டும் இடங்கள் அவை. பள்ளிப் புத்தகத்தில் தெரியாத எண்ணுக்கு ஆங்கில எழுத்து இருக்கும். இங்கே அகலத்தின் முதல் எழுத்தையே வைத்திருக்கிறோம். எந்த எழுத்தானாலும் வேலை ஒன்றுதான்.

வலப்பக்கம் ஏன் 0 ஆக இருக்க வேண்டும்

இதைப் பலர் சடங்கு போலச் செய்கிறார்கள். காரணிப்படுத்தும் முறை, அதாவது சார்பை இரண்டு கோவைகளின் பெருக்கலாகப் பிரிக்கும் முறை, மொத்தமும் நிற்பது இந்த ஒரு காலில்தான்: இரண்டு எண்களைப் பெருக்கி 0 வந்தால், அவற்றில் ஒன்றாவது 0 ஆக இருந்தே தீரும். வேறெந்த எண்ணுக்கும் இந்தக் குணம் கிடையாது. பெருக்கி 4 வந்தால் 1 × 4 ஆக இருக்கலாம், 2 × 2 ஆக இருக்கலாம், ½ × 8 ஆகவும் இருக்கலாம். அதிலிருந்து ஒன்றையும் முடிவு செய்ய முடியாது.

எனவே (அ − 2)(அ − 5) = 4 என்று கணக்குக் கொடுத்தால், காரணிகள் தயாராக இருக்கின்றன என்று ஆசைப்பட்டு அ − 2 = 4, அ − 5 = 4 என்று எழுதக் கூடாது. அப்படி எழுதினால் 6, 9 என்று வரும். 6 தற்செயலாகச் சரி, 9 தவறு, 1 என்ற உண்மையான விடை காணாமலே போய்விடும். பிரித்துப் பெருக்கி, 4-ஐ இடப்பக்கம் கொண்டுவந்து அ² − 7அ + 6 = 0 என்று ஆக்கிய பிறகே காரணிப்படுத்த வேண்டும். விடை 1, 6.

பெருக்கலும் கூட்டலும் எங்கிருந்து வருகின்றன

"பெருக்கினால் கடைசி எண், கூட்டினால் நடு எண்" என்ற வாய்ப்பாடு எல்லாருக்கும் தெரியும். ஏன் அப்படி என்பது தரையில் கல் அடுக்கிப் பார்த்தால் விளங்கும்.

அ² + 5அ + 6 என்பதைக் கல் குவியலாக நினையுங்கள். அ அடிக்கு அ அடி பெரிய சதுரம் ஒன்று. அ அடி நீளமும் 1 அடி அகலமும் உள்ள பட்டைகள் ஐந்து. 1 அடிச் சதுரக் கல் ஆறு. எல்லாவற்றையும் இடைவெளி இல்லாமல் ஒரே செவ்வகமாகப் பதிக்க வேண்டும். பெரிய சதுரத்தை மூலையில் வையுங்கள். அதன் வலப்புறம் 3 பட்டை, கீழ்ப்புறம் 2 பட்டை. இப்போது வலது கீழ் மூலையில் 3 அடிக்கு 2 அடி காலி இடம். அதில் ஆறு சிறு கல்லும் கச்சிதமாக உட்காரும். செவ்வகத்தின் பக்கங்கள் அ + 3, அ + 2. அதுதான் காரணிப்படுத்தல்.

அதே ஆறு கல்லை மூலையில் 6 × 1 ஆக வைக்க முயன்றால் 7 பட்டை வேண்டும். கையில் இருப்பது ஐந்துதான். ஆகவே பட்டைகளின் எண்ணிக்கை கூட்டலையும், மூலையில் உட்காரும் சிறு கல் பெருக்கலையும் தீர்மானிக்கின்றன. இரண்டும் ஒரே சமயத்தில் ஒத்துப்போனால்தான் செவ்வகம் மூடும்.

குறியை முதலில் முடிவு செய்யுங்கள்

எண்களைத் தேடத் தொடங்குமுன் கடைசி எண்ணின் குறியைப் பாருங்கள். தேடல் அதிலேயே பாதியாகக் குறையும்.

கடைசி எண் பிளஸ் என்றால் இரண்டு எண்ணுக்கும் ஒரே குறி; அது நடு எண்ணின் குறி. கடைசி எண் மைனஸ் என்றால் ஒன்று பிளஸ், ஒன்று மைனஸ். குறியை நீக்கிப் பார்த்தால் எது பெரியதோ அதற்கு நடு எண்ணின் குறி.

பிரம்மகுப்தர் 628-ஆம் ஆண்டிலேயே மிகை எண்ணைத் தனம் என்றும் குறை எண்ணைக் கடன் என்றும் வைத்துப் பெருக்கல் கூட்டல் விதிகளை எழுதிவிட்டார். வரவு பற்றுக் கணக்கில் ஊறிய செட்டிநாட்டுக்கு இதைவிட நல்ல விளக்கம் வேண்டியதில்லை. அ² + 7அ − 60 என்ற சார்பில் கடைசி எண் மைனஸ். அப்படியானால் ஒன்று வரவு, ஒன்று பற்று, மிச்சம் 7 வரவு. இப்போது பெருக்கினால் 60 வரும் சோடிகளை வரிசையாக எழுதி வித்தியாசத்தைப் பாருங்கள்: 1, 60 (வித்தியாசம் 59), 2, 30 (28), 3, 20 (17), 4, 15 (11), 5, 12 (7). இதோ 12 வரவு, 5 பற்று. அதாவது +12, −5.

அ² + 7அ − 60 = (அ + 12)(அ − 5)

சோடிகளை 1-இல் தொடங்கி வரிசையாக எழுதுவதை வற்புறுத்துகிறோம். மனத்துக்குத் தோன்றியதைப் போட்டுப் பார்க்கும் பழக்கம் சின்ன எண்களில் கைகொடுக்கும். 120, 180 என்று வரும்போது ஒரு சோடியை விட்டுவிட்டு "இது காரணிப்படாது" என்று முடிவு கட்ட வைக்கும்.

காரணியிலிருந்து பூச்சியத்துக்கு

(அ + 12)(அ − 5) = 0 என்றால் அ + 12 = 0 அல்லது அ − 5 = 0. ஆகவே பூச்சியங்கள் −12, 5.

இங்கே குறி மாறுகிறது. ஆத்தங்குடிக் கல்லைக் கண்ணாடி மேல் கவிழ்த்து வார்ப்பார்கள். அச்சுக்குள் சாயச் சிமெண்டை ஊற்றும்போது கண்ணுக்கு இடப்பக்கம் இருக்கும் இதழ், கல்லைத் திருப்பினால் வலப்பக்கம் போய்விடும். காரணிக்கும் பூச்சியத்துக்கும் அதே உறவு: உள்ளே +12 என்றால் வெளியே −12. இதை மனப்பாடமாகச் செய்யாமல், ஒவ்வொரு காரணியையும் 0-க்குச் சமமாக்கி ஒரு வரி எழுதிவிடுங்கள். அந்த ஒரு வரியை மிச்சம் பிடிக்கப் போய்த்தான் பலர் காரணியில் உள்ள எண்ணையே விடையாக எழுதி மதிப்பெண்ணை விடுகிறார்கள்.

பட்டாலைக் கணக்குக்குத் திரும்புவோம். அ² − 15அ + 26. கடைசி எண் பிளஸ், நடு எண் மைனஸ். ஆகவே இரண்டும் மைனஸ். 26 = 2 × 13, கூட்டினால் 15. (அ − 2)(அ − 13) = 0. பூச்சியங்கள் 2, 13.

இரண்டுமே மிகை எண்கள். "குறை எண்ணை விலக்கு" என்ற வழக்கமான விதி இங்கே உதவாது. 13 அடிக் கரை என்றால் இரண்டு பக்கமும் சேர்ந்து 26 அடி. அறையின் அகலமே 12 அடிதான். 13-ஐப் போட்டால் (18 − 26)(12 − 26) = (−8)(−14) = 112 என்று கணக்கு என்னவோ ஒத்துவரும், தரையில் அப்படி ஒரு கரை கிடையாது. சார்புக்கு 13 முறையான பூச்சியம். கொத்தனாருக்கு விடை 2 அடி. சரிபார்க்க: 14 × 8 = 112. கரைக்குத் தேவை 216 − 112 = 104 சதுர அடிக் கல்.

அ² முன்னால் எண் இருந்தால்

முதலில் மூன்று உறுப்புக்கும் பொதுக்காரணி உண்டா என்று பாருங்கள். உண்டென்றால் வெளியே எடுங்கள். 4அ² − 60அ + 104 என்பதை 4-ஐ எடுக்காமல் செய்தால் 4 × 104 = 416-இன் சோடிகளைத் தேடிக்கொண்டிருக்க வேண்டும். ஒரு நுணுக்கம்: பூச்சியம் மட்டும் வேண்டுமென்றால் அந்த 4-ஐ வகுத்துத் தள்ளிவிடலாம், சார்பையே காரணிப்படுத்தச் சொன்னாலோ வரைபடம் கேட்டாலோ 4-ஐ முன்னால் வைத்தே தீர வேண்டும். 4(அ − 2)(அ − 13), (அ − 2)(அ − 13) இரண்டுக்கும் பூச்சியங்கள் ஒன்று, வளைவுகள் வேறு.

பொதுக்காரணி எடுத்தபின்னும் முன்னால் எண் நின்றால், நடு உறுப்பைப் பிரிக்கும் முறையே நம்பகமானது. 6அ² + 7அ − 20 என்பதை எடுப்போம்.

முதல் எண்ணையும் கடைசி எண்ணையும் பெருக்குங்கள்: 6 × (−20) = −120. பெருக்கல் −120, கூட்டல் 7 வரும் சோடி வேண்டும். மைனஸ் என்பதால் வித்தியாசம் பார்க்கிறோம்: 1, 120; 2, 60; 3, 40; 4, 30; 5, 24; 6, 20; 8, 15. கடைசிச் சோடியின் வித்தியாசம் 7. ஆகவே +15, −8. நடு உறுப்பை இரண்டாகப் பிரித்து எழுதுங்கள்:

6அ² + 15அ − 8அ − 20

முதல் இரண்டில் பொது 3அ, அடுத்த இரண்டில் பொது −4:

3அ(2அ + 5) − 4(2அ + 5) = (3அ − 4)(2அ + 5)

பூச்சியங்கள் 4/3, −5/2. இரண்டு அடைப்புக்குறிக்குள்ளும் ஒரே கோவை வந்தால் பாதை சரி. வராவிட்டால் சோடி தவறு, அல்லது இரண்டாம் பாதியில் குறி தவறு. பெரும்பாலும் பின்னதுதான்.

அந்தக் குறித் தவறு எப்படி நடக்கிறது என்று பாருங்கள். 2அ² − 11அ + 15. பெருக்கல் 30, கூட்டல் −11. சோடி −6, −5. 2அ² − 6அ − 5அ + 15. முதல் பாதி 2அ(அ − 3). இரண்டாம் பாதியில் −5-ஐ வெளியே எடுக்கும்போது உள்ளே உள்ள இரண்டு குறியும் மாற வேண்டும்: −5(அ − 3). அவசரத்தில் −5(அ + 3) என்று எழுதிவிட்டால் அடைப்புக்குறிகள் ஒத்துப்போகாமல் எல்லாம் நின்றுவிடும். மூன்றாம் உறுப்பு மைனஸில் தொடங்கினால் மைனஸையும் சேர்த்தே வெளியே எடுங்கள், எடுத்த கையோடு மீண்டும் பெருக்கிப் பாருங்கள். சரியான விடை (2அ − 5)(அ − 3). பூச்சியங்கள் 5/2, 3.

இன்னொரு தவறு, +15, −8 என்ற சோடி கிடைத்ததும் (அ + 15)(அ − 8) என்று நேராக எழுதிவிடுவது. அ² முன்னால் 1 இருந்தால் மட்டுமே அந்தக் குறுக்குவழி செல்லும்.

எண்கள் பெரிதானால்

சோடிகளை எழுதி மாளவில்லை என்னும்போது ஒரு நல்ல வழி இருக்கிறது. நடு எண்ணின் வர்க்கத்திலிருந்து, முதல் எண் × கடைசி எண் × 4 என்பதைக் கழியுங்கள். பாடத்தில் இதற்குத் தன்மைகாட்டி என்று பெயர். மூலங்கள் மெய்யா, சமமா என்று சொல்ல மட்டுமே பலர் இதைப் பயன்படுத்துகிறார்கள். உண்மையில் இதன் வர்க்கமூலம், நாம் தேடும் சோடியின் வித்தியாசம். கூட்டல் ஏற்கெனவே கையில் இருக்கிறது. கூட்டலும் வித்தியாசமும் தெரிந்த இரண்டு எண்களைக் கண்டுபிடிப்பது சின்ன வகுப்புக் கணக்கு.

18அ² + 9அ − 20. தன்மைகாட்டி 81 + 1440 = 1521. 38-இன் வர்க்கம் 1444, 40-இன் வர்க்கம் 1600; இடையில் 39 × 39 = 1521. ஆகவே சோடியின் கூட்டல் 9, வித்தியாசம் 39. பெரியது (9 + 39)/2 = 24, சிறியது (9 − 39)/2 = −15. தேடலே இல்லை.

18அ² + 24அ − 15அ − 20 = 6அ(3அ + 4) − 5(3அ + 4) = (6அ − 5)(3அ + 4)

பூச்சியங்கள் 5/6, −4/3.

இதே கணக்கு இன்னொன்றையும் சொல்லிவிடும். கெழுக்கள், அதாவது மேலே சொன்ன முதல், நடு, கடைசி எண்கள், முழு எண்களாக இருக்கும்போது, தன்மைகாட்டி முழுவர்க்கமாக (ஒரு முழு எண்ணின் வர்க்கமாக) இருந்தால் முழு எண் கெழுக்களோடு காரணிப்படும். இல்லையென்றால் எத்தனை நேரம் தேடினாலும் கிடைக்காது. அ² + 5அ + 3-க்கு 25 − 12 = 13. 13 முழுவர்க்கம் அல்ல. தேடலை அங்கேயே நிறுத்திவிட்டு வர்க்கப் பூர்த்தி முறைக்கோ சூத்திரத்துக்கோ போங்கள். குறை எண்ணாக வந்தால் மெய்யெண்களில் பூச்சியமே இல்லை. வளைவு அச்சைத் தொடாது. தேர்வில் ஐந்து நிமிடம் சோடி தேடித் தோற்பதைவிட இந்த அரை நிமிடம் மேல்.

சில சுலபமான வடிவங்கள்

கடைசி எண் இல்லாதது: 3அ² − 12அ = 3அ(அ − 4). பூச்சியங்கள் 0, 4. 3அ² = 12அ என்று எழுதி இரண்டு பக்கமும் அ-வால் வகுத்தால் 4 மட்டும் மிஞ்சும், 0 தொலைந்துவிடும். தெரியாத எண்ணால் வகுக்கவே கூடாது. அது 0 ஆகவும் இருக்கலாம்.

நடு உறுப்பு இல்லாதது: 4அ² − 81 = (2அ − 9)(2அ + 9). பூச்சியங்கள் 9/2, −9/2. இதுவே அ² + 9 என்று இருந்தால் மெய்ப் பூச்சியம் கிடையாது.

முழுவர்க்கம்: 4அ² − 20அ + 25 = (2அ − 5)². ஒரே பூச்சியம் 5/2, இருமுறை. வளைவு அச்சை வெட்டாமல் தொட்டுத் திரும்பும்.

அ² முன்னால் மைனஸ்

10 மீட்டர் உயர மாடியிலிருந்து ஒரு பந்தை வினாடிக்கு 5 மீட்டர் வேகத்தில் மேல்நோக்கி எறிந்தால், புவியீர்ப்பு முடுக்கத்தை 10 என்று கொண்டு, அ வினாடிக்குப் பின் உயரம் 10 + 5அ − 5அ². காற்றின் தடையை விட்டுவிட்டோம். பந்து தரையைத் தொடும் நேரம் இந்தச் சார்பின் பூச்சியம்.

அடுக்கு இறங்கு வரிசையில் மாற்றி எழுதி, −5-ஐ வெளியே எடுங்கள்: −5(அ² − அ − 2) = −5(அ − 2)(அ + 1). பூச்சியங்கள் 2, −1. எறிவதற்கு முந்தைய நேரம் பொருந்தாது. 2 வினாடியில் தரை. மைனஸை வெளியே எடுக்காமலும் செய்யலாம். குறித் தவறுக்கு வாசல் திறந்துவைத்தது போலாகும். வரிசை மாற்றாமல் 10-ஐ முதல் எண்ணாக எடுத்துக்கொண்டு மாட்டிக்கொள்பவர்களும் உண்டு.

விலக்கிய −1 வீணல்ல. பரவளையம் சமச்சீரானது; உச்சி இரண்டு பூச்சியங்களுக்கும் நட்ட நடுவில் இருக்கும். (2 + (−1))/2 = ½. அரை வினாடியில் பந்து உச்சத்தில்: 10 + 2.5 − 1.25 = 11.25 மீட்டர்.

சரிபார்த்தல்

பின்னங்களைச் சார்பில் போட்டுப் பார்ப்பது நீளும். இப்படிச் செய்யுங்கள்: பூச்சியங்களைக் கூட்டினால் −(நடு எண்)/(முதல் எண்), பெருக்கினால் (கடைசி எண்)/(முதல் எண்) வர வேண்டும். 18அ² + 9அ − 20-க்கு 5/6 + (−4/3) = −1/2; −9/18 உம் அதுவே. 5/6 × (−4/3) = −20/18; அதுவும் சரி. இரண்டையும் பாருங்கள். இரண்டு பூச்சியத்தின் குறியும் சேர்ந்து தவறியிருந்தால் பெருக்கல் மட்டும் பார்த்தவருக்குத் தெரியாது, கூட்டல் காட்டிக்கொடுக்கும்.

செய்து பார்க்க

1) அ² − 11அ − 42
2) 3அ² + 10அ − 8
3) 9அ² − 24அ + 16
4) 20 − அ − அ²
5) 15அ² − 8அ − 12
6) அ² − 6அ + 7

விடைகள்: 1) 14, −3. 2) 2/3, −4. 3) 4/3, இருமுறை. 4) 4, −5. 5) 6/5, −2/3, சோடி −18, +10. 6) தன்மைகாட்டி 8, முழுவர்க்கம் அல்ல, முழு எண்களில் காரணிப்படாது. ஆனால் 8 மிகை எண் என்பதால் பூச்சியங்கள் இரண்டு உண்டு, 3 + √2, 3 − √2.